ஐந்து நாள் என்று சொன்னேன்

விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் யாராவது இதை வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் இடது கைக்காரன். அந்தக் கையால் அதிக நேரம் எழுதினால் விரல்கள் கனத்துவிடுகின்றன. அதனால் பல நாட்களாகத் துண்டு துண்டாக எழுதியது இது. கோர்வை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேஸ்போல் விளையாடிச் சம்பளம் வாங்கியவன். நோர்வேயில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். இங்கே பனிச்சறுக்கும் உதைபந்தும்தான் விளையாட்டு. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனின் தாய் அமெரிக்கர். அவன்தான் பதின்மூன்று வயதில் என்னை ஒஸ்லோவில் ஒரு சின்ன பேஸ்போல் கழகத்துக்குக் கூட்டிப்போனான். முதல் நாளே பயிற்சியாளர் என் கையில் பந்தைத் தந்து, எறி என்றார். எறிந்தேன். "மறுபடி" என்றார். அன்று இருட்டும்வரை மறுபடி, மறுபடி என்று எறிந்துகொண்டே இருந்தேன்.

சின்ன வயதில் நான் இடது கையால் சாப்பாட்டைத் தொட்டால் அம்மா புறங்கையில் தட்டுவார். "அந்தக் கை கோப்பைக்குள்ளை வரப்படாது." ஆகவே வலது கையால் சாப்பிடவும் இடது கையால் மற்ற எல்லாம் செய்யவும் பழகினேன். பேஸ்போலில் அந்தக் கைக்கு மதிப்பு அதிகம். துடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இடது கைப் பந்து பழக்கமில்லாதது. அதனால் பெரிய திறமை இல்லாவிட்டாலும் இடது கையால் எறிபவனுக்கு எங்காவது ஒரு வேலை கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அந்த வேலைதான்.

அப்பா நாலாம் வகுப்புவரை படித்தவர். அம்மா ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் நான். இயந்திரப் பொறியியல் முடித்ததும் ஸ்தவாங்கரில் ஓர் எண்ணெய்க் கம்பனி வேலைக்குக் கூப்பிட்டது. அதே கிழமை சுவீடனில் ஒரு கழகமும் கூப்பிட்டது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, "ஒரு சீசன் அப்பா, ஒண்டே ஒண்டு" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, "உனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒன்று ஏழு சீசன்களாக நீண்டது. சுவீடன், ஜெர்மனி, ஒஸ்திரியா, நெதர்லாந்து, ஒரு மாரிகாலம் அவுஸ்திரேலியா, கடைசி இரண்டு வருடம் செக் நாட்டில் ஒரு சிறு நகரம். நான் ஒருபோதும் நட்சத்திரம் இல்லை. அணியின் மூன்றாவது, நாலாவது எறிபவன். முதலாமவன் களைத்தால் என்னைப் போடுவார்கள். கழகம் தரும் ஓர் அறை, ஒரு பழைய சைக்கிள், சம்பளம். சீசன் முடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாடு.

ஒவ்வொரு கழகத்திலும் வெளிநாட்டவருக்கு இரண்டு மூன்று இடங்கள்தான். ஒருவனுக்குக் கை பழுதானால் அடுத்த கிழமையே அவன் விமானத்தில் இருப்பான், அவனுடைய அறையில் வேறு ஒருவன் இருப்பான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாருக்கும் தெரியும். பயிற்சியாளர் தினமும் காலையில் "கை எப்படி?" என்று கேட்பார். "நல்லாயிருக்கு" என்போம். தோள் எரிந்தாலும், முழங்கை பூட்டிக்கொண்டாலும் நல்லாயிருக்கு. ஏழு வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி அது பொய் என்பதே மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் நடுவில் ஒரு போட்டிக்குப் பிறகு இடது கை கனத்தது. அது நோவில்லை, பாரம். ஈரத் துணியைச் சுற்றிக் கட்டியதுபோல. மறுநாள் மணிக்கூட்டுப் பட்டி இறுகியது. இரண்டு நாளில் கை முழுவதும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. ஐஸ் வைத்தேன். வெயில் அடித்த நாட்களிலும் நீளக்கைச் சட்டை போட்டு அதன் மேல் அணியின் சட்டையைப் போட்டேன். கை குலுக்க வந்தால் வலதை நீட்டினேன். எறிந்துகொண்டும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து அப்பா அம்மா வீடியோ அழைப்பில் எடுப்பார்கள். அப்படி ஒருநாள் அப்பா திடீரென்று, "தம்பி, அந்தக் கை ஏன் உப்பிக் கிடக்கு?" என்றார்.

"போனைக் கிட்டப் பிடிக்கிறன் அப்பா. அதாலை பெரிசாத் தெரியுது."

"மற்றக் கை அப்பிடித் தெரியேல்லையே."

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தோணும்" என்று சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

மே மாதத்தில் அணிக்கு ஒரு கிழமை ஓய்வு வந்தது. வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டுத் துவாயோடு வந்தபோது அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டார். இடது தோளிலும் நெஞ்சின் மேலும் நீலக் கோடுகள், வரைபடத்தில் ஆறு போட்டதுபோல.

"என்னடா இது? ஆர் உனக்கு இப்பிடி அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை அம்மா."

"அப்ப ஏன் நீலம்? இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ!" என்று அப்பாவைக் கூப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் லேகெவாக்ட் என்ற அவசர மருத்துவ நிலையத்தில் இருந்தோம். அங்கே இரண்டு மணித்தியாலம் இருக்க வைத்தார்கள். பிறகு ஒரு தாதி என் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதன்பின் எல்லாம் வேகம்தான். ஒஸ்லோவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அம்புலன்சில் போனேன்.

எனக்கு வந்ததைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பிப் போகும் பெரிய நாளம் ஒன்று இருக்கிறது. பேச்சில் நரம்பு என்போமே, அதுதான். அது காறை எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான சந்து வழியே போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பலமாக வீசும்போதெல்லாம் அந்த இரண்டு எலும்பும் கத்தரிக்கோல்போல் நாளத்தை நெரிக்கின்றன. வருடக்கணக்காக நெரித்தால் உட்சுவர் காயப்பட்டு அங்கே இரத்தம் கட்டியாகிவிடும். எறிபவர்கள், நீந்துபவர்கள், தலைக்கு மேல் சுவர் பூசுபவர்கள் ஆகியோருக்கு வரும். கட்டியில் ஒரு துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அல்ட்ராசவுண்ட் முடிந்ததும் வந்த மருத்துவரின் பெயர் மாரித். ஐம்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாத பெண். இங்கே மருத்துவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா கால்மாட்டில் நின்றார்.

"கட்டி புதிதாக இருந்தால் நாளத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்திக் கரைக்கலாம்" என்றார் மாரித். "பிறகு விலா எலும்பின் ஒரு துண்டை எடுத்துச் சந்தைப் பெரிதாக்குவோம். சிலர் மறுபடி எறிகிறார்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளுக்கு, மேற்பட்ட கட்டி இறுகிவிடும். கரையாது. அதற்கு இந்த மருந்தைக் கொடுத்தால் பலன் குறைவு, இரத்தம் கசியும் ஆபத்து மட்டும் மிச்சம். அதனால் யோசித்துச் சொல். எப்போது தொடங்கியது?"

நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்வி என் காதில் வேறு விதமாக விழுந்தது. அணியில் இடம் வேண்டுமா, வேண்டாமா?

"ஐந்து நாள்" என்றேன்.

"ஐந்து நாள். உறுதியா?"

"உறுதி."

அவர் எழுதிக்கொண்டார். அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். முப்பது வருடமாக இங்கே பண்டகசாலையில் வேலை செய்பவர். இலக்கமும் நாளும் நோர்வேஜிய மொழியில் அவருக்கு நன்றாகவே விளங்கும்.

அன்றே குழாய் போட்டார்கள். மேல் கையில் ஊசி குத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்து உள்ளே தள்ளினார்கள். மயக்கவில்லை, இடத்தை மட்டும் விறைக்க வைத்தார்கள். பிறகு கண்காணிப்பு அறையில் அசையாமல் படுக்க வேண்டும். சில மணிக்கொருதரம் இரத்தப் பரிசோதனை. மலசலத்துக்கும் எழும்பக் கூடாது. ஆறு நாட்டில் ஓடித் திரிந்தவன், ஒரு போத்தலுக்காகத் தாதியைக் கூப்பிட வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சரவணன் என்று ஒருவர். கோயம்புத்தூர்க்காரர், ஒஸ்லோவில் கணினி வேலை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமானத்தில் காலில் இரத்தம் கட்டிவிட்டது. என்னோடு தமிழில் பேசலாம் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பேஸ்பாலா? அதாவது பௌலிங் மாதிரி?"

"ஓம், ஆனால் பந்து நிலத்திலை குத்தாது. மண்மேட்டிலை நிண்டு நேரா எறியிறது. ஒரு மட்ச்சிலை தொண்ணூறு, நூறு தரம்."

"நூறு பந்தா! பதினாறு ஓவருக்கு மேல ஆச்சே பாஸ். ஒரே ஆளா?" காலைத் தூக்கி வைத்தபடியே கணக்குப் போட்டார். "எங்க ஊர்ல இவ்வளவு போட்டா தோள் கழண்டு கையில வந்துடும்."

"எனக்கும் வந்திட்டுது."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா பின்னேரம் புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்தபோது அவருக்கும் ஒரு பெட்டி இருந்தது. "தனிய இருக்கிற பிள்ளை" என்றார் அம்மா. சரவணன் புட்டைப் பார்த்து, "குழாய்ல வரலையே, உதிரியா இருக்கே ஆன்ட்டி" என்றார். "உதிர்ந்தால்தான் தம்பி புட்டு" என்று அம்மா பாடம் நடத்தினார். என் இடது கை கட்டிலோடு இருந்தது. வலது கையால் சாப்பிடப் பழக்கியதற்கு அன்றுதான் அம்மாவுக்கு நன்றி சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி கொஞ்சமும் அசையவில்லை. மாரித் திரையை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் கொடுத்துப் பார்க்கிறோம்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அந்த ஒரு நாள் போதும் என்று தோன்றியது. எப்போதும் ஒரு நாள் போதும் என்றுதான் எனக்குத் தோன்றியிருக்கிறது.

மத்தியானம் கண் மூடிக் கிடந்தேன். தூங்கிவிட்டேன் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். சரவணனோடு தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நாள் இல்லைத் தம்பி. மூண்டு கிழமைக்கு முன்னமே வீடியோவிலை அந்தக் கையைக் கண்டனான்."

"ஐயோ, அப்ப டாக்டர்கிட்ட சொல்லலாமே அங்கிள்?"

அப்பா கதிரையை அவர் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது.

"அவன் கதைக்கேக்கை நான் இடையிலை கதைக்கிறேல்லை. சின்னனிலையிருந்து எங்களுக்காக் கதைச்சவன் அவன்தான். டொக்டரிட்டை, பள்ளிக்கூடத்திலை, வரி ஒவ்வீசிலை. நான் இடையிலை ஏதும் சொன்னால், அப்பா நீங்கள் பேசாமல் இருங்கோ எண்டுவான். அதிலை பழகிப்போச்சு."

உண்மைதான். ஒன்பது வயதில் அப்பாவின் முதுகு நோவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். அவர் எப்போது தொடங்கியது, எந்தப் பாரம் தூக்கியபோது, இரவில் எப்படி என்று நீளமாகச் சொன்னதை நான், "முதுகு நோகிறதாம்" என்று முடித்தேன். வெளியே நண்பர்கள் காத்திருந்தார்கள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு, இவ்வளவு சின்னதாகச் சொல்லிவிடலாமா என்பதுபோல் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்போதாவது நான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். மணியை அழுத்தி மாரித்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சொட்டும் என் பொய்யின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் தூங்குவதுபோலவே கிடந்தேன். இந்த நோயில் எல்லாவற்றையும்விட அந்த மத்தியானத்தைத்தான் திரும்பக் கேட்கிறேன்.

மாலை ஐந்து மணியளவில் குழாய் போட்ட இடம் இறுகத் தொடங்கியது. தாதியைக் கூப்பிடுமுன்னரே மேல் கை பந்துபோல் வீங்கிவிட்டது. தசைக்குள் இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. மருந்தை நிறுத்தினார்கள். ஒரு தாதி இரண்டு கையாலும் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தார். அவருக்குக் கை சோர்ந்ததும் இன்னொருவர் மாறினார். என் சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்துப்போயின. அசைக்கச் சொன்னார்கள், அசையவில்லை. எறிவதைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. சட்டைப் பொத்தான் பூட்ட முடியுமா என்று நினைத்தேன்.

மாரித் வந்தார். கையைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். "இது ஐந்து நாள் கட்டி மாதிரி இல்லை" என்றார். குரலில் கோபம் இல்லை.

"நாலு கிழமை" என்றேன். "நான் பொய் சொன்னேன்."

அப்போது கால்மாட்டிலிருந்து அப்பா கதைத்தார், நோர்வேஜிய மொழியில். என் வாழ்நாளில் ஒரு மருத்துவருக்கு முன்னால் அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். "எனக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. என் பிழை."

மாரித் இருவரையும் பார்த்தார். "உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இந்த மருந்தைத் தொடங்கியிருக்க மாட்டேன், இந்தக் கசிவு வந்திருக்காது" என்றார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவர்போல, "கை கனத்த முதல் கிழமையிலேயே வந்திருந்தால் நாளத்தை அநேகமாகத் திறந்திருப்பேன்" என்றார்.

அவர் போனதும் நான் செய்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் இன்னொரு பொய். என் பயத்தை எல்லாம் திரட்டி அப்பாவின் மேல் எறிந்தேன். "தெரிஞ்சுகொண்டு ஏன் அப்பா பேசாமல் நிண்டனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

அம்மா என் வாயைப் பொத்த வந்தார். அப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"நீ படிச்சனி" என்றார். "நீ சொன்னால் அதுக்குள்ளை ஏதோ காரணம் இருக்கும் எண்டு நினைச்சன்."

சரவணன் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

மேலும் ஒன்பது நாள் இருந்தேன். தேங்கிய இரத்தம் மெல்ல வற்றியது. சின்ன விரல் நாலாம் நாள் அசைந்தது. அம்மா அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, மறுபடி ஆட்டு, மறுபடி ஆட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அதே உடுப்போடு வருவார். பஸ்ஸும் ரயிலும் மாறி ஒரு மணித்தியாலம். வந்து, தோடம்பழம் உரித்துச் சுளைகளை வரிசையாக மேசையில் வைப்பார். அன்று நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் பற்றி நாங்கள் இருவரும் மறுபடி கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் வாயெடுத்தேன். இரண்டு தரமும் அவர், "பழத்தைச் சாப்பிடு" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு இரத்தத்தை இறுக விடாத குளிசை. அதை எடுப்பவன் பந்தால் அடிபடக் கூடாது. செப்ரெம்பரில் கடைசிப் படம் எடுக்கப் போனபோது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாரித் கேள்வி கேட்டதும் நான் பதில் சொல்லிவிட்டு, "அப்பா, நீங்களும் சொல்லுங்கோ" என்றேன். அவர் முதலில் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார்: படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை, பால் பெட்டி தூக்கினால் கை நீலமாகிறது, இரவில் தலையணையில் கையை உயர்த்தி வைத்தால் குறைகிறது. பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துச் சேர்த்த விபரங்கள். அவருடைய நோர்வேஜிய மொழி நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. மாரித் அவரைப் பார்த்தே எழுதிக்கொண்டார்.

நாளம் மூடியபடியே இருந்தது. இரத்தம் நெஞ்சின் சின்ன நாளங்கள் வழியே சுற்றிப் போகப் பழகியிருந்தது, அந்த நீலக் கோடுகள் அவைதான். சாதாரண வாழ்க்கைக்குப் போதும் என்றார் மாரித். எறிய முடியாது. "ஒரு வருடத்துக்கா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். எப்போதைக்கும் என்று விளங்கிக்கொண்டேன்.

ஒக்ரோபரில் செக் கழகத்தின் முகாமையாளர் பாவெல் தொலைபேசியில் எடுத்தார். நல்ல மனிதர். நான் மருத்துவமனையில் இருந்தது அவருக்குத் தெரியும், ஆனாலும் அடுத்த சீசனுக்கு என் இடத்தை வைத்திருக்கிறாராம். எப்போது வருவாய் என்றார்.

"வரமாட்டேன்" என்றேன். "நாளம் திறக்கவில்லை. கை கனத்த அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்."

அவர் என் கைக்காக வருத்தப்பட்டார். நான் எதிர்பார்த்ததுபோலவே, "வேறு இடது கைக்காரன் யாரையாவது தெரியுமா?" என்று பிறகு கேட்டார். அவருடைய வேலை அது.

தெரியும். ராமோன், டொமினிக்கன் நாட்டுக்காரன். நெதர்லாந்தில் ஒரே அறையில் இருந்தோம். என்னைவிட நன்றாக எறிவான். இப்போது அங்கே பூப் பெட்டி ஏற்றும் வேலையில், யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறான். அவனுடைய பெயரை ஏழு வருடத்தில் எந்தக் கழகத்துக்கும் நான் சொன்னதில்லை. சொன்னால் என் இடம் போய்விடும்.

இலக்கத்தைக் கொடுத்தேன். "அவனுடைய கை நல்லாயிருக்கிறதா?" என்றார் பாவெல்.

"அவனிடம் கேட்காதீர்கள்" என்றேன். "சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒருதரம் பாருங்கள்."

பார்ப்பதாகச் சொன்னார். பார்ப்பாரா தெரியாது. அணி தோற்கத் தொடங்கினால் பார்க்க மறந்துவிடுவார்கள்.

பிறகு ராமோனுக்கு எழுத உட்கார்ந்தேன். பொய் சொல்லாதே என்று எழுதினால் சிரிப்பான். நானும் சிரித்திருப்பேன். அதனால் எதுவும் எழுதவில்லை. மேற்சட்டையைக் கழற்றிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு, "தோளும் நெஞ்சும் வடிவாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுங்கோ" என்றேன். அப்பா மேசை விளக்கைத் திருப்பி, வெளிச்சம் நீலக் கோடுகளின் மேல் விழச் செய்து எடுத்தார். அதை அப்படியே அனுப்பினேன்.